தலை சி.டி. ஸ்கேனில் மாறுபாட்டு ஊடகம்

மாறுபாட்டு ஊடகம் என்பது, சி.டி. ஸ்கேன் எனப்படும் கணித்த குறுக்குவெட்டு வரைவியில் படமெடுக்கும்போது குருதிக்குழல்களும் சில நோயுற்ற திசுக்களும் தெளிவாகத் தெரிவதற்காகச் சிரை வழியே செலுத்தப்படும் அயோடின் சேர்ந்த நீர்மம் ஆகும். மருத்துவமனைகளில் இது கான்ட்ராஸ்ட் என்றும் சாய ஊசி என்றும் அழைக்கப்படுகிறது. உண்மையில் இது நிறமற்ற நீர்மமாகும். உடலின் எந்தப் பகுதிக்கும் இது நிறமூட்டுவதில்லை.

தலைவலிக்காக எடுக்கப்படும் தலை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இந்த ஊடகம் இன்றியே தொடங்கப்படுகிறது. ஊடகத்துடன் எடுக்கப்படும் படம் எப்பொழுதும் சிறந்தது என்ற கருத்து பரவலாக இருந்தாலும் அது சரியன்று. சில நோய்களை ஊடகம் வெளிக்காட்டும். வேறு சிலவற்றை மறைத்துவிடவும் கூடும்.

வரலாறு

போர்த்துக்கல் நாட்டு மருத்துவர் எகாசு மோனிசு 1927 ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் சோடியம் அயோடைடு கரைசலைக் கழுத்துத் தமனியில் செலுத்தி, மூளையின் குருதிக்குழல்களை ஊடுகதிர்ப் படத்தில் காட்டினார். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியில் முதல் நோயாளி 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் படமெடுக்கப்பட்டார். அப்படமும் தலைப்பகுதியினதே ஆகும். இக்கண்டுபிடிப்புக்காக ஹவுன்ஸ்ஃபீல்டும், அதன் கணித அடிப்படையைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மாக்கும் 1979 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தொடக்ககால ஊடகங்கள் அயனி வகையைச் சேர்ந்தவை. அவற்றின் செறிவு குருதியின் செறிவைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதால் வலியும் எதிர்வினைகளும் அதிகமாக இருந்தன. சுவீடன் நாட்டைச் சேர்ந்த டார்ஸ்டன் ஆல்மேன் 1960களின் இறுதியில் அயனியற்ற ஊடகம் என்ற கருத்தை முன்வைத்தார். இன்று பயன்படும் அயோஹெக்சால், அயோபமிடால், அயோடிக்சனால் முதலியவை இவ்வகையின.

செயற்படும் முறை

சி.டி. கருவி, திசுக்கள் ஊடுகதிரை எந்த அளவுக்குத் தடுக்கின்றன என்பதைக் கணக்கிட்டு ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுகளில் தருகிறது. நீரின் மதிப்பு 0, காற்றின் மதிப்பு -1000. மூளைத் திசு ஏறத்தாழ 20 முதல் 40 வரையும், புதிதாகக் கசிந்து உறைந்த குருதி ஏறத்தாழ 50 முதல் 80 வரையும் அமையும். எலும்பின் மதிப்பு பல நூறு அலகுகளாகும். மதிப்பு கூடக்கூட அத்திசு படத்தில் வெண்மையாகத் தெரியும்.

அயோடினின் அணு எண் 53. இத்தகைய கனமான தனிமம் ஊடுகதிரை நன்கு ஈர்த்துக்கொள்வதால், அது சேர்ந்த குருதி படத்தில் வெண்மையாகத் தோன்றுகிறது. நலமான மூளையில் உள்ள நுண்குழல்களின் சுவர் ஊடகத்தை வெளியே விடுவதில்லை. இதுவே குருதி-மூளைத் தடுப்பு எனப்படுகிறது. கட்டி, சீழ்க்கட்டி, அழற்சி போன்றவற்றால் இத்தடுப்பு சிதைந்த இடங்களில் ஊடகம் திசுவுக்குள் கசிந்து தேங்குகிறது. எனவே அவ்விடங்கள் சுற்றியுள்ள மூளையிலிருந்து வேறுபட்டு வெண்மையாகத் தெரிகின்றன.

ஊடகமின்றிப் படமெடுப்பதற்கான காரணம்

திடீர்த் தலைவலியில் மருத்துவர் முதலில் விலக்க வேண்டிய நோய் மூளையைச் சூழ்ந்த குருதிக்கசிவு ஆகும். தமனிச் சுவரில் குமிழ் போல உண்டாகும் வீக்கம் வெடிக்கும்போது, சிலந்திவலைப் படலத்துக்கு அடியில் குருதி பரவுகிறது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை அடையும் கடுந்தலைவலி இதன் முதன்மை அறிகுறியாகும். காலத்தில் கண்டறியப்படாவிடில் அவ்வீக்கம் மீண்டும் வெடித்து உயிரிழப்பு நேரலாம்.

புதிய குருதி இயல்பாகவே வெண்மையாகத் தெரிவதால் அதைக் காண ஊடகம் தேவையில்லை. மாறாக, ஊடகமும் வெண்மையாகவே தெரியும். மூளை மடிப்புகளுக்கு இடையில் காணப்படும் வெண்கோடு கசிந்த குருதியா, ஊடகம் நிரம்பிய குழலா என்று பிரித்தறிவது அப்போது கடினமாகிறது. சிறிய கசிவு கவனத்துக்குத் தப்பலாம். அல்லது இல்லாத கசிவு இருப்பதாகக் கருதப்படலாம். எனவே ஊடகம் தேவைப்படும் என்று முன்பே தெரிந்திருந்தாலும், அவசரத் தலைவலியில் ஊடகமற்ற படமே முதலில் எடுக்கப்படுகிறது.

தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் தற்காலக் கருவியில் எடுக்கப்பட்டு, தேர்ந்த கதிரியல் மருத்துவரால் பார்க்கப்படும் ஊடகமற்ற படம் இக்கசிவை ஏறத்தாழ முழுமையாகக் கண்டறிகிறது. நேரம் செல்லச்செல்லக் குருதி கரைந்து வெண்மை குறைகிறது. அந்நிலையில் படம் இயல்பாகத் தோன்றினாலும், கீழ்முதுகில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுத்து ஆய்வு செய்யவோ, குழல்களைத் தனியே படமெடுக்கவோ நேரிடும்.

ஊடகம் தேவைப்படும் நிலைகள்

- தமனி வீக்கம்: குருதிக்கசிவு உறுதியானபின், அது எந்தத் தமனியிலிருந்து வந்தது என அறிய, ஊடகம் தமனிகளில் நிறைந்திருக்கும் சில நொடிகளுக்குள் சி.டி. குழல்வரைவு எடுக்கப்படுகிறது.
- சிரைக்குழிகளில் குருதி உறைதல்: மகப்பேற்றுக்குப் பின்னரும், கருத்தடை மாத்திரை உட்கொள்வோரிடமும் இதற்கான வாய்ப்பு கூடுதலாகும். ஊடகமற்ற படம் இந்நோயில் இயல்பாகவே தோன்றலாம். ஊடகம் செலுத்தியபின், உறைந்த பகுதி நிரம்பாமல் கருமையாகவும் அதன் ஓரங்கள் வெண்மையாகவும் தெரியும். இது வெற்று முக்கோணக் குறி எனப்படுகிறது.
- கட்டியும் சீழ்க்கட்டியும்: புற்றுநோய் உள்ளவர்கள், நோயெதிர்ப்பு குன்றியவர்கள், காய்ச்சலுடன் நரம்பியல் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஊடகம் பயன்படுகிறது. சீழ்க்கட்டி பொதுவாக வளையம் போன்று தோன்றும்.
- மூளை நாடாப்புழு நீர்க்கட்டி: இந்தியாவில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணமான இந்நோயில் தலைவலியும் ஏற்படலாம். சுண்ணாம்பு படிந்த பழைய கட்டிகள் ஊடகமின்றியே தெரியும். அழற்சியுற்ற கட்டிகள் ஊடகத்தால் வெளிப்படும். வலிப்புடன் வருவோரிடம் காணப்படும் ஒற்றைக் கட்டியை அறுவையின்றி இனங்காண, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜசேகர், சாண்டி ஆகியோர் வகுத்த விதிகளில், ஊடகத்தால் வெண்மையடையும் 20 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஒரே கட்டி என்பதும் அடங்கும்.

காந்த அதிர்வு அலை வரைவு கிடைக்கும் இடங்களில், கட்டி, அழற்சி ஆகியவற்றைக் காண அதுவே பெரும்பாலும் விரும்பப்படுகிறது. அதில் ஊடுகதிர் பயன்படுவதில்லை.

தீங்குகள்

ஊடகம் செலுத்தும்போது உடலில் வெம்மையும் வாயில் உலோகச் சுவையும் தோன்றுவது இயல்பாகும். தோல் தடிப்பு, குமட்டல் ஆகியன சிலருக்கு ஏற்படலாம். மூச்சுத் திணறலும் குருதி அழுத்த வீழ்ச்சியும் அரிதானவை. சப்பானிய ஆய்வாளர்கள் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட, 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளை உள்ளடக்கிய ஆய்வில், கடும் எதிர்வினைகள் அயனி ஊடகத்தில் 0.22 விழுக்காடாகவும் அயனியற்ற ஊடகத்தில் 0.04 விழுக்காடாகவும் இருந்தன.

கடலுணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த ஊடகம் ஆகாது என்பது தவறான நம்பிக்கையாகும். கடலுணவு ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதமே தவிர அயோடின் அன்று. முன்னர் இதே ஊடகத்துக்கு எதிர்வினை ஏற்பட்டிருப்பதே முதன்மையான எச்சரிக்கையாகும்.

சிறுநீரகச் செயற்பாடு மிகக் குன்றியவர்களுக்கு ஊடகம் மேலும் பாதிப்பை உண்டாக்கலாம். இந்த இடர் முன்பு கருதப்பட்ட அளவுக்குப் பெரிதன்று என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. வடிதிறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைவாக உள்ளவர்களிடத்திலேயே இன்று சிறப்புக் கவனம் செலுத்தப்படுகிறது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்ளும் இத்தகையோர் அம்மருந்தை 48 மணி நேரம் நிறுத்த வேண்டும். பாலூட்டும் தாயின் பாலில் கலக்கும் ஊடகத்தின் அளவு மிகக் குறைவு. பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு தலை சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் ஆகும். ஊடகமின்றி ஒருமுறையும் ஊடகத்துடன் ஒருமுறையும் எடுத்தால் இவ்வளவு ஏறத்தாழ இருமடங்காகிறது.

படமே தேவைப்படாத தலைவலி

ஒற்றைத் தலைவலி, மன இறுக்கத் தலைவலி ஆகியவை நோயாளியின் கூற்றையும் உடல் பரிசோதனையையும் கொண்டே அறியப்படுகின்றன. சிக்கலற்ற தலைவலிக்குப் படமெடுக்க வேண்டாம் என அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2012 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. திடீரெனத் தாக்கும் கடும் வலி, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, வலிப்பு, கை கால் தளர்ச்சி, தலைக்காயம், புற்றுநோய் வரலாறு, மகப்பேற்றுக் காலம் ஆகியவை உடனடி ஆய்வு தேவைப்படும் அறிகுறிகளாகும்.

2022 ஆம் ஆண்டில் சாங்காய் நகரின் கோவிட்-19 பொதுமுடக்கத்தால் அங்கிருந்த ஊடக ஆலையில் உற்பத்தி தடைப்பட்டு, பல நாடுகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது மருத்துவமனைகள் அவசரமற்ற படங்களை ஒத்திவைத்தும், ஊடகமற்ற படத்தையோ காந்த அதிர்வு வரைவையோ மாற்றாகக் கொண்டும், இருப்பிலிருந்த ஊடகத்தைப் பக்கவாதம் போன்ற அவசர நிலைகளுக்கு ஒதுக்கின.

ஊடகம் வேண்டுமா என்பதை மருத்துவர் தரும் பரிந்துரைக் குறிப்பே பெரிதும் முடிவு செய்கிறது. தலைவலி என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பைவிட, வலி எப்போது, எவ்வாறு தொடங்கியது, உடன் வேறு என்ன அறிகுறிகள் உள்ளன என்று விரித்து எழுதப்பட்ட குறிப்பு சரியான படத்தைத் தேர்ந்தெடுக்கக் கதிரியல் மருத்துவருக்கு உதவுகிறது. வலி தொடங்கிய நேரம், முந்தைய ஒவ்வாமை, சிறுநீரக நோய், உட்கொள்ளும் மருந்துகள், கருவுற்றிருத்தல் ஆகியவற்றை நோயாளியோ உடன் வருபவரோ ஊசி போடுவதற்கு முன்னரே தெரிவித்தல் வேண்டும்.