குழியிலிருந்து தோட்டத்துக்கு

மனித மலக்கழிவைப் பக்குவப்படுத்தித் தோட்டத்துக்குப் பசளையாக இடலாமா என்ற பேச்சை வட்டுக்கோட்டைச் சந்தியிலே யாரேனும் எடுத்தால், கேட்பவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அந்த அருவருப்பு இயல்பானது. அதை நான் குறை கூறவில்லை. ஆயினும், ஒரே வளவின் ஒரு மூலையில் கிணறும் மறு மூலையில் மலசலகூடக் குழியுமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நாம், அதே கழிவு எவ்விதப் பக்குவமுமின்றி, பயிரின் வேர் எட்டாத ஆழத்தில், நாள் தவறாமல் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருப்பதைப் பற்றி ஒருபோதும் முகம் சுளிப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த அக்கல், ஐப்பசி கார்த்திகை மழையை உள்வாங்கி வைத்துக் கோடை முழுவதும் நமக்குத் தருகிறது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்தில் கடல்நீரேரியை அடைந்துவிடுவதால், கிணற்றைத் தவிர நமக்கு நெடுங்காலம் வேறு கதி இருந்ததில்லை. மழைநீர் இறங்கும் அதே வெடிப்புகளின் வழியேதான் அசுத்தமும் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் விதி. அளவு மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கக்கூடும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை மீறப்பட்டிருப்பதை ஆராய்ச்சியாளர் 1980களிலிருந்தே சுட்டிவருகின்றனர். தோட்டத்தில் தாராளமாகக் கொட்டும் யூரியாவும் எருவும் ஒரு காரணம்; மலக்குழிகள் மற்றொரு காரணம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். ஒருவருடைய கழிவில் வருஷத்துக்கு ஏறக்குறைய நான்கைந்து கிலோ நைதரசனும் அரைக்கிலோ பொசுபரசும் வெளியேறுகின்றன. அந்த நைதரசனில் பெரும்பகுதி சிறுநீரிலேயே இருப்பதால், அது குழியிலிருந்து கசிந்து நிலத்தடி நீரோடு கலந்துவிடுகிறது. குழி நிறைந்தபின் பவுசர் வந்து உறிஞ்சிச் செல்வது எஞ்சிய சேறு மாத்திரமே. அதிலே சேதனப் பொருளும் பொசுபரசும் உண்டு; குடற்புழுக்களின் முட்டைகளும் உண்டு. வெயிலில் நன்றாகக் காய்ந்த சேற்றிலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆதலால் ‘காய்ந்தால் சுத்தமாகிவிடும்’ என்ற நம் ஊர் அபிப்பிராயத்தை முதலில் கைவிடவேண்டும்.

அம்முட்டைகளை அழிப்பது உஷ்ணம், அல்லது நீண்ட காலம். சேற்றை மணற்படுக்கைகளில் வடியவிட்டு, சந்தைக் குப்பையோடு கலந்து குவித்தால், நுண்ணுயிர்களின் வேலையினாலேயே குவியல் கொதிக்கத் தொடங்கும். திறந்த குவியலில் 55 பாகை உஷ்ணம் 15 நாளாவது நிலைத்திருக்கவேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது குவியலைப் புரட்டவேண்டும் என்பது 1993இல் அமெரிக்கா வகுத்த விதி. புரட்டுவது எதற்கென்றால், ஓரத்தில் குளிர்ந்து கிடக்கும் சேறும் நடுவே சென்று வேகவேண்டும் என்பதற்காகவே. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டி, நம்முடையது போன்ற வெப்பமான தேசங்களில் ஒரு வருஷத்துக்கு மேல் மூடிச் சேமித்து வைப்பதையும் ஒரு முறையாக ஏற்கிறது. நீற்றுச் சுண்ணாம்பு கலப்பதும் ஒரு முறைதான். ஆனால் அதனால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும், ஏற்கனவே காரத்தன்மை கொண்ட நம் மண்ணுக்குச் சுண்ணாம்பினால் ஆகவேண்டிய காரியமும் ஒன்றுமில்லை. இவையெல்லாம் மேல்நாட்டாருக்கே உரிய வித்தைகள் என்று எண்ணவேண்டாம்; இலங்கையிலேயே பலாங்கொடை நகரசபை, குப்பையோடு மலக்குழிச் சேற்றையும் சேர்த்துக் கூட்டெரு செய்து காட்டியிருக்கிறது.

பக்குவமான எரு கையில் கிடைத்தபின், எந்தப் பயிருக்கு இடுவது என்ற கேள்வி வருகிறது. உஷ்ணத்தில் முற்றாகச் சுத்திகரிக்கப்படாத சேற்றை இட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு விளையும் காய்களைப் பதினான்கு மாதத்துக்கும், மண்ணுக்குள் விளையும் கிழங்குகளைச் சேறு இடப்பட்ட விதத்துக்கேற்ப இருபது அல்லது முப்பத்தெட்டு மாதத்துக்கும் அறுவடை செய்யலாகாது என்று அமெரிக்க விதி தடுக்கிறது. பச்சையாகவே கடித்துத் தின்னும் சின்ன வெங்காயம் நம் பிரதான பயிராயிருக்க, அத்தகைய அரைகுறைச் சேற்றுக்கு இங்கே இடமில்லை என்பதே என் தீர்மானம். புகையிலையை யாரும் உண்பதில்லையே, அதற்கு இடலாமே என்று தோன்றும். அதுவும் தவறு. மண்ணிலுள்ள கட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்ப்பதில் புகையிலைக்கு நிகரான பயிர் அரிது. இலையில் சேர்ந்தது புகையோடு நெஞ்சுக்குள் போகும். வயலிலோ வெறுங்காலோடு இறங்குபவருக்குக் கொக்கிப்புழுவின் பயம் உண்டு. தென்னை, பனை, வாழை, மாட்டுக்கான புல் ஆகியவற்றோடு ஆரம்பிப்பதே உசிதம். புல்லையும் எரு இட்டவுடன் அறுக்கலாகாது.

அளவு இன்னும் முக்கியம். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் உள்ள உலர்ந்த கூட்டெரு ஒரு தொன்னில் 15 கிலோ நைதரசன் இருக்கும். பரப்புக்கு ஒரு தொன் வீதம் போட்டால், 16 பரப்புக் கொண்ட ஏக்கருக்கு 240 கிலோ ஆகிறது. முதல் வருஷத்தில் அதில் ஒரு பகுதியே பயிருக்குக் கிட்டும்; மற்றது பின்வரும் வருஷங்களில் மெல்ல வெளிப்படும். அதை மறந்து அடுத்த வருஷமும் அதே அளவைப் போட்டு, யூரியாவையும் வழக்கம்போல் வீசினால், குழியிலிருந்து காப்பாற்றிய கிணற்றைத் தோட்டத்திலிருந்து கெடுத்தவர்களாவோம். மாரிக்கு முன்னே இடுவதும் அத்தகையதே. மழை ஓய்ந்து பயிர் வேர்பிடிக்கும் தையிலும் மாசியிலும் இடுவதுதான் நியாயம்.

புழுவையும் கிருமியையும் உஷ்ணம் கொல்லும். இரசாயனங்களை அது கொல்லாது. எளிதில் அழியாத புளோரின் சேர்மங்கள் சேற்றோடு பண்ணைகளுக்குள் புகுந்ததைக் கண்டு, அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022இல் வயலுக்குச் சேறு இடுவதையே தடைசெய்துவிட்டது. சுவிற்சர்லாந்து அதற்கு முன்பே தடைசெய்திருந்தது. ஆலைகள் மலிந்த நகரங்களின் சாக்கடைச் சேறும் நம் வீட்டுக் குழிச் சேறும் ஒன்றல்ல என்பது நமக்கு ஓர் ஆறுதல். சுண்ணாம்பு மண் உலோகங்களை ஓரளவு இறுக்கிப் பிடித்துக்கொள்வதும் உண்மையே. எனினும் வாகனத் திருத்தகங்களின் எண்ணெயும் ஆஸ்பத்திரிக் கழிவும் அதே பவுசரில் ஏறினால் அந்த ஆறுதலும் போய்விடும்.

2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக அரசாங்கம் தடைசெய்து, சில மாதங்களிலேயே அத்தடையை விலக்க நேர்ந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அந்த நெருக்கடியில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த சேதனப் பசளையைக்கூட, அதில் தீய பக்ரீரியா இருப்பதாக நம் பரிசோதகர்கள் கூறியதால், இறக்க மறுத்தோம். கடல் கடந்து வந்த எருவுக்குக் காட்டிய அந்தக் கண்டிப்பை உள்ளூர் எருவுக்கும் காட்டுவோமா என்பதுதான் எனக்குள்ள சந்தேகம். வலிகாமம் மேற்குப் பிரதேச சபை இக்காரியத்தில் என்றாவது இறங்குமானால், ஒவ்வொரு குவியலுக்கும் புழுமுட்டை, கிருமி, உலோகம், நைதரசன் ஆகியவற்றின் பரிசோதனைப் பத்திரம் இல்லாமல் ஒரு மூடைகூட வெளியே போகலாகாது. 1823இலேயே செமினரி கண்ட வட்டுக்கோட்டையில் பரிசோதனை செய்வதற்குப் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. எரு இட்ட தோட்டங்களைச் சுற்றியுள்ள கிணறுகளின் நைத்திரேற்றை மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து, அந்த எண்களைச் சபையின் வாசலிலே ஊரார் பார்க்க ஒட்டிவைக்கவேண்டும்; எண் ஏறினால், அடுத்த போகத்துக்கு எரு வழங்குவதை நிறுத்தும் அதிகாரமும் அங்கேயே இருக்கவேண்டும்.