எலும்பில் எஞ்சியிருக்கும் புரதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

2019 மார்ச்சில் மன்னார் சதொச புதைகுழி பற்றிய காபன் காலக்கணிப்பு அறிக்கை வெளியானது. 300இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்ட அந்தக் குழியிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்ட மாதிரிகள் 1404 – 1635 காலப்பகுதிக்குரியவை என்றது அது. உறவுகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களில் பலர் அதை நம்பவில்லை. செம்மணியிலும் கொக்குத்தொடுவாயிலும் குழிகள் தோண்டப்பட்டபின், இத்தகைய சொற்கள் நம் வீடுகளுக்குள்ளும் பேசப்படுகின்றன. ஆனால் ஆய்வுகூடத்தில் உண்மையில் அளக்கப்படுவது என்ன என்பதை யாரும் பொறுமையாகச் சொல்லித்தருவதில்லை.

எலும்பு என்பது வெறும் சுண்ணாம்பு அல்ல. உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொலாஜன் என்ற புரதம். கயிறுபோல முறுக்கிய அதன் இழைகள் கனிமத்துக்குள் புதைந்திருப்பதால், டி.என்.ஏ. சிதைந்த பிறகும் அது தாக்குப்பிடிக்கக்கூடும். காலக்கணிப்புக்கு எலும்பு வந்தால் ஆய்வுகூடம் வழமையாகத் தேடுவது இதைத்தான். எலும்பைத் துப்புரவாக்கி, மென்மையான அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தைக் கரைத்துவிடுவார்கள். மிஞ்சுவது புரதம். அதன் காபனில்தான் காலம் பதிந்திருக்கிறது.

கிடைத்தது நல்ல கொலாஜன்தானா என்பதற்கும் அளவீடு உண்டு. எலும்பின் எடையில் ஒரு வீதத்துக்கும் குறைவாகவே புரதம் கிடைத்தால் முடிவைச் சந்தேகத்துடன் பார்க்கவேண்டும். காபன் அணுக்களுக்கும் நைதரசன் அணுக்களுக்கும் இடையிலான விகிதம் 2.9இற்கும் 3.6இற்கும் இடையில் இருக்கவேண்டும். அதற்கு வெளியே போனால், மண்ணிலிருந்து வேறு பொருள் கலந்திருக்கலாம் அல்லது புரதம் கெட்டிருக்கலாம். வெப்பமும் ஈரமும் கூடிய நம்முடைய மண்ணில் இது சிறிய விடயமல்ல. எரிந்து வெண்மையாகிப்போன எலும்பிலோ கொலாஜன் எஞ்சியிருப்பதில்லை. பத்திரிகைகள் ஆண்டுகளைப் போடுகின்றன. இந்த இரண்டு எண்களையும் போடுவதில்லை. எனக்கு முதலில் பார்க்கவேண்டியவை இவைதான்.

நமக்கு இன்னொரு விடயமும் முக்கியம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் வளிமண்டலத்தில் காபன்-14 கூடியது. 1960களின் நடுப்பகுதியில் வடகோளத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பானது. அதற்குப் பின் வாழ்ந்த எவருடைய உடலிலும் அந்த மிகை பதிந்திருக்கும். ஆகவே 1990களிலோ 2009இலோ இறந்த ஒருவரின் நல்ல கொலாஜனை, 500 ஆண்டு பழைய எலும்பு என்று மயங்குவது கடினம். கடலுணவே பெரிதும் உண்டவரின் எலும்பு சில நூற்றாண்டு பழையதாகத் தோன்றலாம், அதற்கும் திருத்தம் செய்வார்கள்; ஆனால் அணுகுண்டுக் காபனை அது மறைத்துவிடாது. எனவே கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மாதிரி, தான் வந்த எலும்புக்காக மட்டுமே பேசும். எந்தெந்த எலும்புகள், குழியின் எந்த மட்டத்திலிருந்து, யார் தெரிவுசெய்தார்கள்? ஒரே குழியில் வெவ்வேறு காலத்தவர் கிடக்கலாம்.

இறந்த ஆண்டைத் துல்லியமாகச் சொல்லவும் எலும்பால் இயலாது. வளர்ந்தவரின் எலும்புப் புரதம் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லப் புதுப்பிக்கப்படுவதால் அது ஒரு நீண்ட காலத்தின் சராசரி. சிறுவயதில் உருவாகும் பல்லில் அந்த வயதின் காபனே தங்கிவிடும். பல்லையும் எலும்பையும் ஒன்றாக அளந்தால் பிறந்த காலத்தையும் இறந்த காலத்தையும் நெருங்கலாம்.

துண்டு துண்டாகக் கிடைத்தது மனித எலும்பா, ஆட்டெலும்பா என்பதையும் புரதம் சொல்லும். இதன் வேர் பழையது. 1901இல் ஜேர்மனியின் ரூகன் தீவில் இரு சிறுவர்களைக் கொன்ற சந்தேகத்தில் பிடிபட்ட தச்சன் ஒருவன், உடையிலிருந்தது மரச்சாயக் கறை என்றான். பால் ஊலன்ஹூத் என்ற ஆய்வாளர் அப்போதுதான் ஒரு சோதனையைக் கண்டுபிடித்திருந்தார். மனிதக் குருதி ஏற்றப்பட்ட முயலின் உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கும். அந்த முயலின் குருதித்தெளியத்தில் மனிதக் குருதிப் புரதம் பட்டால் கரைசல் கலங்கும். அந்த உடையில் மனித இரத்தமும் செம்மறியாட்டு இரத்தமும் இருந்தன. இன்று அதே தத்துவத்தால் சிறு எலும்புத் துண்டிலுள்ள அல்புமினைக் கூடச் சோதிக்கலாம். இன்னொரு வழியில் கொலாஜனை நொதியத்தால் துண்டாக்கி, துண்டுகளின் திணிவை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். ஆடு, மாடு, மனிதன் ஒவ்வொன்றுக்கும் அந்த எடைகளின் வரிசை வேறு.

ஆனால் கொலாஜன் உங்கள் மகனுக்கும் என் சகோதரனுக்கும் ஒன்றேதான். அது பெயர் சொல்லாது. எப்படி இறந்தார் என்றும் சொல்லாது. அதை எலும்பின் காயங்களையும் கிடந்த நிலையையும் கூடக் கிடந்த பொருட்களையும் பார்க்கும் சட்ட மருத்துவரும் தொல்லியலாளரும் சொல்லவேண்டும். பெயருக்கு வேண்டியது டி.என்.ஏ. அதற்கோ ஒப்பிட உயிரோடிருக்கும் உறவினரின் மாதிரி வேண்டும். தாய், தந்தை, பிள்ளைகளின் மாதிரியே மிகவும் பயன்படும். 2017ஆம் ஆண்டிலிருந்து தெருவோரப் பந்தல்களில் இருக்கும் தாய்மாரில் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களின் மாதிரிகளை இப்போதே முறையாக எடுத்துப் பாதுகாப்பதற்கு எந்தக் குழியின் அகழ்வும் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.