பழைய வெள்ளிக் காசுகளை உருக்கக் கொடுக்கும் முன்…

வீட்டில் பெரியவர்கள் விட்டுச் சென்ற பெட்டிகளில் சில சமயம் கறுத்துப்போன சிறு வெள்ளிக் காசுகள் கிடைக்கும். பலர் அவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் சற்று நிதானிப்பது நல்லது.

ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்சிகோ, பெரு நாட்டுச் சுரங்கங்களின் வெள்ளி, 'ரியால்' நாணயங்களாக உலகெங்கும் பரவியது. எட்டு ரியால் நாணயம் சுமார் 27 கிராம். அரை ரியால் 2 கிராமுக்கும் குறைவு. பரங்கிப்பேட்டை, சென்னைத் துறைமுகங்களிலிருந்து மணிலாவுக்குத் துணி சென்றது. பதிலுக்கு இந்த வெள்ளி வந்தது. இங்கு அதில் பெரும்பகுதி உருக்கப்பட்டு உள்ளூர் நாணயமானது. சென்னையில் சில ஸ்பானிய நாணயங்கள் மீது நேரடியாகவே புது முத்திரை குத்தப்பட்டது. அவற்றில் பழைய எழுத்துகள் இன்றும் மங்கலாகத் தெரியும்.

ஆற்காடு ரூபாய்

கண்ணமங்கலம் பகுதியினருக்கு ஆற்காடு பக்கத்து ஊர்தான். அந்த ஊரின் பெயரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ரூபாய் அடித்தனர். அரை, கால், அரைக்கால், வீசம் எனச் சிறு வெள்ளிகளும் உண்டு. வீசம் என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு; எடை முக்கால் கிராம் அளவே.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளே இவற்றைப் படிக்கலாம். எழுத்து பாரசீகம். முகலாய மன்னர் ஆலம்கீரின் பெயரும், 'ஆர்காட்' என்ற ஊர்ப் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் இருக்கும். மன்னர் 1759-இல் இறந்த பின்னும் சென்னையில் அதே ஆண்டையே பொறித்து வந்தார்கள். எனவே அது காசு அடித்த ஆண்டு என்று எண்ணிவிடக் கூடாது. தாமரைக் குறி இருந்தால் சென்னை, பிறைக் குறி இருந்தால் புதுச்சேரி. பழைய சிறு காசுகளில் முத்திரை காசைவிடப் பெரியதாக இருந்ததால் எழுத்தின் ஒரு பகுதி மட்டுமே விழுந்திருக்கும், அது குறையல்ல.

1807-ஐ ஒட்டிச் சென்னையில் வந்த வெள்ளிப் 'பணம்' ஒரு கிராமுக்கும் குறைவு. 12 பணம் ஒரு ரூபாய். நாம் இன்று சொல்லும் 'பணம்' அந்த நாணயத்தின் பெயர்தான்.

கவனிக்க வேண்டியவை

• புளி, பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.
• காசு மாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கு விலை குறையும்.
• எடையும் ஓரமும் பாருங்கள். வார்ப்புப் போலிகளில் ஓரத்தில் இணைப்புக் கோடு தெரியும்.
• நிலத்தில் தோண்டும்போது கிடைத்த புதையலை 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.
• நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வளைகுடாவில் இருக்கும் உறவினருக்குக் கொடுத்தனுப்புவது குற்றமாகலாம்.
• சேர்த்து வைத்த வெள்ளிக்கு ஜகாத் கணக்கு உண்டா என்பதை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயத் தொகுப்பு இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். உருக்கினால் கிடைப்பது சில கிராம் வெள்ளி மட்டுமே. அதில் எழுதியிருந்த வரலாறு திரும்பக் கிடைக்காது.