கூரையின் கீழ் உதைபந்தாட்டம்: ஸ்பெயின் நாட்டின் தேசிய லீக்

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்குக் கோடியில், கலீசியாப் பகுதியின் கரையிலே, புரேலா என்றொரு மீன்பிடித் துறைமுகம் உண்டு. அங்குள்ள குடிசனம் ஏறத்தாழப் பதினாயிரம். அவ்வூர் மகளிர் அணி நாட்டின் புட்சால் முதற்பிரிவிலே ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் வாகை சூடியிருக்கின்றது. ஆடவர் அணியும் பல ஆண்டுகள் தனக்குரிய முதற்பிரிவில் இடம்பெற்றிருந்தது. உதைபந்தாட்டத்திலே பெருநகர்க் கழகங்கள் கோடிக்கணக்கில் பணம் புரட்டும் அந்நாட்டில், மீன் வியாபார நிறுவனமொன்றின் பெயரைச் சட்டையிலே தாங்கிய ஒரு சிற்றூர் அணி இத்தகைய நிலையை எய்தியது எவ்வாறு? விளையாட்டின் இயல்பும், அதனைத் தாங்கி நிற்கும் லீக் முறையின் அமைப்புமே அதற்குக் காரணங்களாம்.

புட்சால் என்பது மண்டபத்துள்ளே ஆடப்படும் உதைபந்தாட்டம். தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டிலே, மொன்டிவீடியோ நகரின் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில், ஹுவான் கார்லோஸ் செரியானி என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் 1930ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். உருகுவே முதலாவது உலகக் கிண்ணத்தை வென்ற ஆண்டும் அதுவே. ஊரெங்கும் சிறுவர்கள் பந்தை உதைத்துத் திரிந்த காலம்; மைதானமோ போதவில்லை. கூடைப்பந்தாட்டத் தளமே போதும் என்று அவர் கண்டார்.

இன்று சர்வதேச ஆட்டங்களுக்குரிய தளம் 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உடையது. வலைப்பந்தாட்டத் தளத்தோடு ஒப்பிட்டால் நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெரிது. அணிக்கு ஐவர், அவருள் ஒருவர் கோல் காப்பாளர். பந்து சிறியது, குறைவாகவே துள்ளும். இருபது நிமிடங்கள் கொண்ட பாதிகள் இரண்டு. பந்து ஆட்டத்துக்கு வெளியே சென்றால் கடிகாரமும் நிறுத்தப்படும். எல்லைக்கு வெளியே போன பந்தைக் கையால் எறியாது காலால் உதைத்தே உள்ளே செலுத்தல் வேண்டும். அதற்கு அளிக்கப்படும் நேரம் நான்கு விநாடிகள் மாத்திரமே. ஒரு பாதியில் ஓரணி இழைக்கும் ஆறாவது குற்றம் முதலாக, எதிரணிக்குத் தடுப்புச் சுவரில்லாத நேர் உதை கிடைக்கும். முரட்டு ஆட்டத்துக்கு இதனிலும் நல்ல கடிவாளம் பெரிய மைதானத்து உதைபந்தாட்டத்திலே இல்லை.

ஆக, ஒரு மண்டபமும் பத்துப் பன்னிரண்டு பேரும் இருந்தால் ஓர் ஊர் அணி திரட்டலாம். ஆனால் திரட்டிய அணி யாருடன் ஆடுவது, எப்போது ஆடுவது? அதற்கு விடையளிப்பதே லீக். ஸ்பெயினிலே வெவ்வேறு அமைப்புகளின் கீழ்ப் பிரிந்து கிடந்த கழகங்கள் 1989இல் ஒரே தேசிய லீக்காக இணைந்தன. பின்னாளிலே அதன் நிர்வாகம் அரச ஸ்பானிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கைக்கு மாறியது. முதற்பிரிவிலே 16 அணிகள் உள. ஒவ்வொன்றும் மற்றைய ஒவ்வொன்றுடனும் சொந்த ஊரிலொரு முறையும் அயலூரிலொரு முறையும் மோதும்; அணிக்கு 30 ஆட்டங்கள், மொத்தம் 240. முதல் எட்டு இடங்களைப் பிடிப்போர் வாகைக்காகத் தம்முள் மீண்டும் பொருதுவர். கடைநிலையில் உள்ளோர் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட, கீழே சிறந்து விளங்குவோர் மேலேறுவர். கீழே செல்லச் செல்லப் பிரிவுகள் வட்டாரக் குழுக்களாகப் பிரியும். சிறிய கழகங்களின் பிரயாணச் செலவு அதனாலே குறையும். இறக்கப்படுவோம் என்ற அச்சம் இருப்பதனால், பட்டியலின் அடியிலே கிடக்கும் அணிகளின் ஆட்டத்துக்கும் கடைசி வாரம் வரை மண்டபம் நிறையும்.

இம்முறையின் பலவீனம் பணம். மூர்சியா நகர் அணி இறைச்சி உற்பத்தி நிறுவனமொன்றின் பெயரால் அழைக்கப்படுவது. செகோவியா அணி அவ்வூர்ச் சேமிப்பு வங்கியின் பெயரைத் தாங்கி 1999இல் தேசிய வாகை சூடியது. வங்கிகள் நெருக்கடிக்குள்ளான காலத்தில் அனுசரணை நின்றுபோக, 2013இல் அவ்வணியே கலைந்தது. உள்ளூர் முதலாளியை நம்பி வளரும் கழகம் அவருடனேயே தளர்ந்தும் போகும்.

மகளிருக்குரிய தேசிய முதற்பிரிவு 1994இல் ஆரம்பமாயிற்று. ஆடவருக்கு ஐந்தாண்டுகள் பிந்தியதாயினும், உலகின் பல நாடுகளை நோக்க அது முந்தியதே. எனினும் சர்வதேச அரங்கோ பெண்களுக்கு நெடுங்காலம் மூடியே கிடந்தது. ஆடவருக்குப் பீபா தனது முதலாவது உலகக் கிண்ணத்தை 1989இல் நெதர்லாந்திலே நடத்தியது. முதல் ஐரோப்பியப் போட்டி 1996இல் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் இடம்பெற்றது. மகளிருக்கு ஐரோப்பியப் போட்டி 2019 வரை இல்லை. உலகக் கிண்ணம் 2025 வரை இல்லை. இடையே 2010 முதல் மகளிருக்கென ஓர் உலகப் போட்டி நடந்ததாயினும், அதற்குப் பீபாவின் அங்கீகாரம் இருக்கவில்லை. 1994இல் இருபது வயதுடன் லீக்கிலே காலடி வைத்த ஒருத்தி, முதலாவது ஐரோப்பியப் போட்டி வந்தபோது நாற்பத்தைந்து வயதினள். அவளது ஆட்டம் முழுவதும் மீன்பிடித் துறைமுகங்களிலும் புறநகர் மண்டபங்களிலுமே கழிந்திருக்கும். இதனை வெறும் தாமதம் என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வது நியாயமன்று.

ஆயினும் அந்த இருபத்தைந்தாண்டு ஆட்டம் வீண்போகவில்லை. கதவு திறந்த 2019இல் போர்த்துக்கலின் கொண்டோமார் நகரிலே ஸ்பெயின் மகளிர் முதலாவது ஐரோப்பிய வாகையைக் கொண்டனர். 2022இலும் 2023இலும் அதனைத் தக்கவைத்தனர். வாரந்தோறும் கடும்போட்டி கண்டு பழகிய கால்களுக்கு அரங்கின் பெருமை அச்சமூட்டவில்லை.

சம்பளத்தில் மாத்திரம் இரு பாலாரும் இன்னும் சமமாகவில்லை. முன்னணி ஆடவர் பலருக்கு ஆட்டமே தொழில். மகளிரிற் பலர் உத்தியோகத்தையோ படிப்பையோ முடித்து மாலையிலே பயிற்சிக்கு வருபவர். பிரயாணமோ எவருக்கும் குறையாது. ஆபிரிக்கக் கரையிலுள்ள ஸ்பானிய நகரமாகிய மெலில்லாவின் மகளிர் கழகம், எதிரணியின் ஊருக்குச் செல்வதற்குக் கடலைக் கடந்தாக வேண்டும். கலீசியாவிலிருந்து மெலில்லாவுக்கு ஆடச் செல்வோரும் தேசத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஏகுகின்றனர்.

மகளிர் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 2025இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலே நடந்தேறியது. 2019இலும் 2022இலும் ஐரோப்பிய இறுதியாட்டங்களிலே ஸ்பெயினிடம் தோற்ற போர்த்துக்கல் அங்கு இறுதியாட்டத்துக்கு வந்தது; கிண்ணத்தைப் பிரேசில் கொண்டு சென்றது.