வீட்டு டிவியில் சரவுண்ட் சவுண்ட்: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, கோவை என்று நமது பகுதியில் எங்கு பார்த்தாலும் பெரிய திரை டிவி சாதாரணமாகிவிட்டது. டிவி வந்த கையோடு அடுத்து வருவது ஹோம் தியேட்டர். தள்ளுபடி விற்பனையில் வாங்குபவர்கள் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ விடுமுறையில் வரும்போது கொண்டுவருவதும் உண்டு. ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒரு சப்வூஃபரையும் மாட்டி, செட்டாப் பாக்ஸ் இணைப்பைக் கொடுத்துப் பார்த்தால், பல வீடுகளில் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் ஊமையாக இருக்கின்றன. அல்லது முன்னால் வரும் அதே சத்தமே பின்னாலும் வருகிறது. செட் பழுது என்று கடைக்குத் தூக்கிச் சென்றால், அவர்கள் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

பெரும்பாலும் செட்டில் பழுது இருப்பதில்லை. சரவுண்ட் ஒலி ஸ்பீக்கரில் பிறப்பதில்லை, சேனலிலிருந்தே புறப்பட்டு வர வேண்டும். அது நம் காதுக்கு வருவதற்குள் செட்டாப் பாக்ஸ், டிவி, இணைப்புக் கேபிள், ஆம்ப்ளிஃபயர் என்று நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும். ஒரு வாசல் மூடியிருந்தாலும் மற்ற மூன்றுக்கும் செலவழித்த பணம் வீண். எனவே வாங்கிய பிறகு வருந்துவதைவிட, வாங்கும் முன் விவரம் அறிந்துகொள்வது நல்லது.

ஸ்பீக்கர் வேறு, ஒலித்தடம் வேறு

ஜும்ஆ பயானை நினைத்துப் பாருங்கள். பள்ளிவாசலின் உள்ளே எட்டு ஸ்பீக்கர், மாடியில் நான்கு, வெளியே இரண்டு என்று மாட்டியிருப்போம். ஆனால் மிம்பரில் இருப்பது ஒரே மைக். பதினான்கு ஸ்பீக்கர்களிலும் வருவது ஒரே குரல்தான். ஸ்பீக்கர் பதினான்கு என்றாலும் ஒலித்தடம் ஒன்றுதான்.

வீட்டு டிவியிலும் இதே கதைதான். 5.1 என்றால் ஆறு தனித்தனி ஒலித்தடங்கள். முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது என்று ஐந்து. மிகத் தாழ்ந்த அதிர்வொலிக்கு மட்டும் ஒன்று. இந்த ஆறாவது தடம் ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும் சுமப்பதால் அதை முழு எண்ணாகக் கணக்கிடாமல் '.1' என்கிறார்கள். கிரிக்கெட் ஆட்டம் 5.1 ஒலியில் வரும்போது வர்ணனை நடு ஸ்பீக்கரிலும், ரசிகர்களின் ஆரவாரம் பின் ஸ்பீக்கர்களிலும் தனியாகக் கேட்கும். அதே ஆட்டம் ஸ்டீரியோவில் வந்தால் இரண்டே தடங்கள்தான். அதை ஆறு ஸ்பீக்கரில் ஓடவிட்டால் பள்ளிவாசல் மைக் கணக்குத்தான்.

நமது ஊருக்கு டிஜிட்டல் வந்த வழி

பழைய அனலாக் கேபிளில் 5.1 ஒலிக்கு வழியே இல்லை. கேபிளை டிஜிட்டல் ஆக்குவதற்கான சட்டத் திருத்தம் 2011இல் வந்தது. இரண்டாம் கட்டமாக 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 கெடு வைக்கப்பட்டது. கோவை அந்தப் பட்டியலில் இருந்தது. சிற்றூர்களுக்கான கடைசிக் கட்டக் கெடு 2017 மார்ச் 31. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்று, அதே ஆண்டில் செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. டிடிஹெச் இதற்கு முன்பே வந்துவிட்டது. தூர்தர்ஷனின் இலவச டிடிஹெச் சேவை தொடங்கியது 2004இல்.

டிஜிட்டல் வந்துவிட்டதால் எல்லாச் சேனலும் 5.1 என்று பலர் எண்ணிக்கொள்கிறோம். அது சரியல்ல. அமெரிக்கா தனது டிஜிட்டல் ஒளிபரப்புக்கு டால்பி டிஜிட்டலையே அடிப்படை ஒலி முறையாக வைத்துக்கொண்டது. நமது நாடு பின்பற்றுவது ஐரோப்பாவில் உருவான டிவிபி முறையை. அதில் அடிப்படை ஒலி இரண்டு தட ஸ்டீரியோ. டால்பியைச் சேர்ப்பது சேனலின் விருப்பம். ஸ்டீரியோவுக்குப் பொதுவாக நொடிக்கு 192 கிலோபிட் போதும், 5.1 டால்பி டிஜிட்டலுக்கு 384 கிலோபிட் அல்லது அதற்கு மேல் வேண்டும். செயற்கைக்கோளில் இடம் வாடகைக்கு எடுப்பவர்கள் ஒவ்வொரு பிட்டுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். அதனால்தான் எஸ்டி சேனல்கள் பொதுவாக ஸ்டீரியோவோடு நின்றுவிடுகின்றன. 5.1 கிடைப்பது சில ஹெச்டி சேனல்களில், அதிலும் விளையாட்டு, திரைப்படம், இயற்கை ஆவணப்படம் போன்றவற்றில்தான். அதே சேனலில் செய்தியோ தொடரோ ஓடும்போது ஸ்டீரியோவாக இருக்கலாம்.

நான்கு வாசல்கள்

முதல் வாசல், செட்டாப் பாக்ஸ். எஸ்டி பாக்ஸாக இருந்து, பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று துளைகள் மட்டுமே இருந்தால் அதோடு கதை முடிந்தது. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் இரண்டு தட ஒலிக்கு. அந்த இரண்டு ஒயரில் ஆறு தடம் வராது. ஹெச்டி பாக்ஸ் வேண்டும், அதில் ஹெச்டிஎம்ஐ அல்லது ஆப்டிகல் துளை இருக்க வேண்டும். ஹெச்டி சேனலுக்குச் சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் டிராய் கட்டண முறை நடைமுறைக்கு வந்த பிறகு, வேண்டிய கட்டணச் சேனலைத் தனியாகத் தேர்வு செய்ய முடிகிறது. எனவே முழு ஹெச்டி தொகுப்பையும் வாங்காமல், உண்மையில் பார்க்கும் இரண்டு மூன்று ஹெச்டி சேனல்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பாக்ஸின் செட்டிங்ஸ் பகுதியில் ஆடியோ என்ற இடத்துக்குப் போனால் 'ஸ்டீரியோ' அல்லது 'பிசிஎம்' என்று இருக்கக்கூடும். அதை 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும். ஒரே சேனலில் மொழிக்கு ஒரு ஒலித்தடம் இருக்கும்போது ஒன்று 5.1 ஆகவும் மற்றொன்று ஸ்டீரியோவாகவும் இருக்கக்கூடும் என்பதால், ரிமோட்டில் உள்ள மொழிப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

இரண்டாம் வாசல், டிவி. பாக்ஸை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் வழியாக ஹோம் தியேட்டருக்குக் கொண்டுபோவது நம்மில் பலர் செய்யும் இணைப்பு. பழைய டிவிகளில் பல, ஹெச்டிஎம்ஐ வழியே வரும் 5.1 ஒலியை ஸ்டீரியோவாகச் சுருக்கித்தான் வெளியே விடும். பாக்ஸை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகி, அங்கிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோவதே பாதுகாப்பான வழி. ஆம்ப்ளிஃபயரில் ஹெச்டிஎம்ஐ துளை இல்லாவிட்டால், பாக்ஸின் ஆப்டிகல் துளையிலிருந்து ஒலியை மட்டும் தனியாக எடுக்கலாம்.

மூன்றாம் வாசல், இணைப்பு. டிவியின் ஹெச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் மேல் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும். 2009இல் வந்த வசதி இது. டிவியின் ஒலியை அதே ஒயரில் திருப்பி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். மற்ற துளையில் செருகினால் வேலை செய்யாது. செருகிய பிறகு டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ' என்று வைக்க வேண்டும். ஆப்டிகல் ஒயர் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 ஒலியைத் தாங்கும். டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது. இணையச் செயலிகளும் சில சேனல்களும் பிளஸ் வகையில் அனுப்புவதால், புதிதாக வாங்குபவர்கள் ஏஆர்சி உள்ளதையே வாங்குவது நல்லது.

நான்காம் வாசல், டிகோடர். அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் 5.1 என்று பெரிதாக அச்சிட்டு, பின்னால் ப்ளூடூத், பென் டிரைவ், ஆக்ஸ் மட்டும் இருந்தால் அது ஆறு ஸ்பீக்கர் கொண்ட ஸ்டீரியோ செட், அவ்வளவுதான். டால்பி டிகோடர் உள்ளே இருந்தால்தான் ஆறு தடமும் பிரியும். நமது பகுதியில் உள்ளூரிலேயே அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் ஏராளம். அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆறு தனி உள்ளீடுகள் அதில் இருந்தால், ஆப்டிகல் அல்லது ஏஆர்சி வசதியுள்ள டிகோடர் போர்டு ஒன்றைச் சேர்த்தால் போதும். 'பிஎம்பிஓ 5000 வாட்' என்பது போன்ற எண்களை நம்ப வேண்டாம். ஆர்எம்எஸ் எத்தனை வாட் என்று கேளுங்கள். உண்மையான திறனைச் சொல்லும் எண் அதுதான்.

உண்மையா என்று சோதிப்பது எப்படி?

பின் ஸ்பீக்கரில் சத்தம் வருவதாலேயே 5.1 வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஸ்டீரியோவை ஐந்தாக விரித்துக் காட்டும் புரோலாஜிக் போன்ற வசதிகள் உண்டு. அது ஊகித்துப் பிரிப்பது. நன்றாகவே இருக்கலாம், ஆனால் அசல் அல்ல. ஆம்ப்ளிஃபயரின் திரையில் 'டால்பி டி' அல்லது 'டால்பி டிஜிட்டல்' என்று வருகிறதா, 'பிசிஎம்', 'பிஎல் 2' என்று வருகிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் எத்தனை தடம் வருகிறது என்பதும் தெரியும். 'டால்பி டிஜிட்டல் 2.0' என்று காட்டினால் டால்பிதான், ஆனால் இரண்டே தடம். திரை இல்லாத செட்டாக இருந்தால் விளையாட்டு ஹெச்டி சேனலை வைத்து, முன் ஸ்பீக்கர்களின் ஒயரைக் கழற்றிவிட்டுப் பின் ஸ்பீக்கரில் காது வையுங்கள். ஆரவாரம் மட்டும் வந்து வர்ணனை வராவிட்டால் அது அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒயரைக் கழற்றும் முன் செட்டை அணைத்துவிட மறக்க வேண்டாம்.

படத்தில் உதடு அசைந்த பிறகு சத்தம் வருவதும், சத்தம் வந்த பிறகு உதடு அசைவதும் உண்டு. டிவி படத்தைச் சீராக்க எடுத்துக்கொள்ளும் நேரமே பெரும்பாலும் காரணம். 'ஏவி சிங்க்' அல்லது 'ஆடியோ டிலே' என்ற அமைப்பில் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமது மாடிகளில் உள்ள டிஷ்ஷை அசைத்துவிடும். சிக்னல் குறைந்தால் டிஜிட்டலில் சத்தம் மெல்ல மங்காது, துண்டு துண்டாக அறுந்துபோகும். அப்போது ஹோம் தியேட்டரைக் குறை சொல்லாமல் டிஷ்ஷின் நட்டுகளை இறுக்கிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஹாலில் எங்கே வைப்பது?

நடு ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே. முன் இரண்டும், நாம் உட்காரும் இடமும் சேர்ந்து மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக அமைய வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் முதுகுக்கு நேர் பின்னால் அல்ல. இரு பக்கவாட்டிலும் சற்றே பின்தள்ளி, காது மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். ஒலி ஓர் அடி கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை அடி தூரத்தில் உள்ளது என்பதை டேப் வைத்து அளந்து ஆம்ப்ளிஃபயரில் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிட வேலைதான், பலன் அதிகம்.

டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர் என்றால் எதிரொலி பேச்சைக் குழப்பும். தடித்த திரைச்சீலையும், தரையில் விரித்த ஒரு பவானி ஜமக்காளமும் அதைக் கணிசமாகக் குறைக்கும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு

வயதான அத்தாவும் அம்மாவும் சத்தம் கேட்கிறது, பேச்சுத்தான் புரியவில்லை என்பார்கள். நாம் மொத்த ஒலியையும் கூட்டுவோம். இசையும் இரைச்சலும் சேர்ந்து கூடி, பேச்சு மறுபடி அமுங்கும். அசல் 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடுத் தடத்தில் தனியாக இருப்பதால், நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டினாலே தெளிவாகக் கேட்கும். நமது வீடுகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் தரும் மிகப் பயனுள்ள வசதி இதுதான் என்று சொல்லலாம். செய்தியும் தொடரும் மட்டுமே பார்க்கும் வீடுகளுக்கு ஐந்து ஸ்பீக்கர் தேவையே இல்லை. பேச்சைத் தெளிவாக்கும் வசதியுள்ள ஒரு நல்ல சவுண்ட்பார் போதும்.

அண்டை வீட்டாரின் உரிமை

சப்வூஃபரின் தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுத் தொட்டில் குழந்தைக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும், நோயாளிக்கும் அது தொல்லை. அண்டை வீட்டாருக்கு நோவினை தரக்கூடாது என்பது நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதல்ல. சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று அளவு வைத்துள்ளன. தனியார் ஒலிச் சாதனத்தின் சத்தம் வீட்டு எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. சப்வூஃபரைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி, அடியில் ரப்பர் வையுங்கள். இரவில் 'நைட் மோட்' போடுங்கள். பெரிய சத்தங்களை அடக்கி மெல்லிய பேச்சை உயர்த்தித் தரும் வசதி அது.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. டால்பி டிஜிட்டல் டிகோடர் உள்ளே இருக்கிறதா?
2. ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி, ஆப்டிகல் இரண்டும் உண்டா?
3. ஆர்எம்எஸ் எத்தனை வாட்?
4. நடு ஸ்பீக்கரின் ஒலியைத் தனியாகக் கூட்ட முடியுமா?
5. பில்லும் வாரண்டியும் தருவீர்களா?

கடைக்குப் போகும் முன், வீட்டில் உள்ள செட்டாப் பாக்ஸின் பின்பக்கத்தையும் டிவியின் பின்பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அதைக் காட்டி, எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குப் போகும் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் உங்கள் பணம் இன்னும் சில நாள் உங்களிடமே இருக்கட்டும்.