குதிரை வச்சிருந்தா மட்டும் கெத்தா? காணும் பொங்கல் பந்தயச் சாலையில் குதிரைக்காரர்கள் பார்க்கும் ‘தரம்’ எது?

காணும் பொங்கல் வந்துவிட்டால் திருக்கடையூர் பக்கம் சாலையின் இரண்டு ஓரமும் ஜனம் நிற்கும். மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் எல்லைப் பந்தயம் நடக்கும் நாள் அது. பல ஆண்டுகள் நாகப்பட்டினம் மாவட்டத்தோடு இருந்த இந்த ஊர், 2020 டிசம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் பந்தயத்துக்கு வரும் கூட்டம் மாறவில்லை. டெல்டா முழுக்கவிருந்து வண்டிகள் வந்து இறங்கும்.

குதிரைகளில் கரிச்சான் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்பப் பிரிவுகள் உண்டு. இரண்டு சக்கரம் வைத்த இலேசான வண்டி, ஒரு குதிரை, ஒரு சாரதி. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். செல்போனில் படம் எடுக்கிறவர்கள் யார் முதலில் வந்தார்கள் என்று பார்ப்பார்கள். ஆனால் பழைய குதிரைக்காரர்களின் கண் வேறு இடத்தில் இருக்கும். வண்டி நின்றதும் சாரதியின் கை முதலில் எங்கே போகிறது? கோப்பைக்கா, செல்போனுக்கா, குதிரையின் கழுத்துக்கா? ஒருவரைப் பற்றி அவர்கள் கணக்குப் போட அது போதும்.

குதிரை வைத்திருப்பது இன்றைக்கு இளைஞர்கள் மத்தியில் ஒரு கெத்து. ரீல்ஸ், கல்யாண ஊர்வலம், கட்சி வரவேற்பு என்று எங்கு பார்த்தாலும் குதிரை. அப்படியிருக்க, குதிரைக்காரர்கள் தங்களுக்குள் ‘இவர் மரியாதை தெரிந்தவர்’ என்று யாரைச் சொல்கிறார்கள்?

மரியாதை எங்கே தொடங்குது?

குதிரையின் கண்ணில் தொடங்குகிறது. அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், கிட்டத்தட்ட முழு வட்டத்தையும் அதால் பார்க்க முடியும். பார்க்க முடியாத இடம் இரண்டுதான். ஒன்று நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னால், இன்னொன்று நேர் பின்னால். சத்தம் போடாமல் பின்பக்கம் போய் நிற்கிறவர், குதிரையைப் பொறுத்தவரை திடீரென்று முளைத்த எதிரி. அது உதைப்பது கோபத்தில் அல்ல, பயத்தில்.

புல்வெளியில் மேய்ந்து, வேட்டை விலங்கைக் கண்டால் ஓடித் தப்பித்த இனம் இது. முதலில் ஓடு, அப்புறம் யோசி என்பதுதான் அதன் சுபாவம். குதிரையின் குணம் தெரிந்துதான் தம்பிரான் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. குதிரையைக் கொஞ்சம் அநியாயமாகத் திட்டுகிற பழமொழி அது.

இதனால்தான் குதிரைக்காரர்களின் நடைமுறைகள் வெளியாட்களுக்கு வேடிக்கையாகத் தெரியும். இடப்பக்கமாக, தோளை நோக்கி வருவார்கள். தொடுவதற்கு முன் குரல் கொடுப்பார்கள். அடுத்தவர் குதிரையாக இருந்தால் உரிமையாளரிடம் கேட்காமல் கை வைக்க மாட்டார்கள். காது இரண்டும் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டிக்கிடந்தால் கிட்டவே போக மாட்டார்கள். ‘பின்னாடி நிக்காத தம்பி’ என்று கொட்டிலில் யாராவது அதட்டினால் அது திமிர் இல்லை. அந்தத் தம்பியின் விலா எலும்பைப் பற்றிய அக்கறை.

தின்பதற்குக் கொடுப்பதிலும் இதே கதைதான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான தீனி வயிற்றுக்குள் போய்விட்டால் திரும்பி வர வழியில்லை. வயிற்று வலி கண்டு, தரையில் உருண்டு, சில மணி நேரத்தில் செத்துப்போன குதிரைகள் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் அன்பாக ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல், கேக், பரோட்டா என்று நீட்டுகிறவர்களைக் குதிரைக்காரர்கள் கடுகடுப்போடு தடுப்பது இதனால்தான். கொள்ளும் புல்லும் எவ்வளவு, எப்போது என்று அளந்து போடுகிறவர்கள் அவர்கள்.

பந்தயச் சாலையில் என்ன பிரச்னை?

வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில் விரட்டிக்கொண்டு போகிற கூட்டம். ஹாரன், விசில், கூச்சல். குதிரையின் முகத்தில் கண்பட்டை கட்டுவதே பக்கவாட்டில் தெரிவதைக் கண்டு அது மிரளக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் கண்ணை மறைத்தாலும் காதை மறைக்க முடியாதே. தெரியாத திசையிலிருந்து வரும் சத்தம் அதை இன்னும் மிரட்டும். மிரண்ட குதிரை சாலையை விட்டு ஓரத்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தால் அடிபடுவது குழந்தையைத் தோளில் வைத்து நிற்கும் அப்பாவாகவும் இருக்கலாம். சாரதி கடிவாளத்தை எவ்வளவு இழுத்தாலும், முன்னூறு நானூறு கிலோ எடையுள்ள விலங்கைப் பலத்தால் மட்டும் நிறுத்திவிட முடியாது.

முந்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. முந்துகிற வண்டி போதிய இடைவெளி விட்டுப் போக வேண்டும். பக்கத்து வண்டியின் சக்கரத்தோடு உரசிக்கொண்டு ஓரங்கட்டக் கூடாது. எதிராளியின் குதிரை மீது சாட்டை படக் கூடாது. இதில் தவறி, பரிசு வாங்கிக்கொண்டு போகிறவர் அந்த வருஷத்துக்கு ஜெயித்தவர்தான். ஆனால் அடுத்த வருஷம் அவர் பக்கத்தில் வண்டி நிறுத்த மற்றவர்கள் யோசிப்பார்கள்.

ஓடி முடித்த குதிரையைப் பார்த்தாலே மீதி விஷயம் தெரிந்துவிடும். ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. பந்தயம் முடிந்த நேரத்தில் அது பல மடங்கு ஏறியிருக்கும். உடனே கட்டிப்போடாமல் மெதுவாக நடக்கவிட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றி, நிழலில் நிறுத்தி, மூச்சு சீராகும்வரை கூடவே இருக்க வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் உரிமையாளர் செய்வதில்லை, குதிரையைப் பராமரிக்கிற ஆள்தான் செய்வார். பரிசு மேடையில் அவர் பெயர் வராது. அவரை ‘டேய்’ என்று கூப்பிடுகிறாரா, அவருக்குச் சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறாரா என்பதையும் பழைய ஆட்கள் கவனிக்கத்தான் செய்கிறார்கள்.

டெல்டாவுக்குக் குதிரை எப்படி வந்தது?

கடல் வழியாக. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றிச் சங்க நூலான பட்டினப்பாலையே பேசுகிறது. நெல் விளையும் ஈரமண் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதல்ல. அதனால் அரபு, பாரசீக நாடுகளிலிருந்து விலை கொடுத்து வாங்கினார்கள்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். இங்கிருந்த ஒரு மன்னர் மட்டும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினாராம், அவரது சகோதரர்களும் அதே அளவு வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரியாததால் செத்துப்போயின என்கிறார். இறைச்சியோடு வேகவைத்த சோற்றைத் தீனியாகப் போட்டதாகவும் சொல்கிறார். இன்னொரு குற்றச்சாட்டும் வைக்கிறார்: லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்!

அவர் சொல்லும் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் தங்கத்தைக் கொட்டி வாங்கியவர்களிடம் குதிரை நிலைக்கவில்லை என்பதுதான் அவர் கண்ணில் பட்டது.

குதிரையோடு பழகத் தெரிந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனிப் பெயரே உண்டு. டெல்டாவில் இன்றைக்கும் வழங்கும் ‘ராவுத்தர்’ என்ற பெயருக்குக் குதிரை வீரர் என்றுதான் பொருள். அருணகிரிநாதர் முருகனையே ‘ராவுத்தன்’ என்று அழைத்திருக்கிறார். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரம் இருக்கிறது. குதிரையின் இலக்கணத்தைச் சொல்லும் அந்த நூலை நூலகமே அச்சிட்டும் வெளியிட்டிருக்கிறது.

‘கயிறு மாறுதல்’ என்றால் என்ன?

மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமானே குதிரை வியாபாரியாக வந்து நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைத்தார் என்கிறது திருவிளையாடல். அந்தக் கதையில் ஒரு வியாபார வழக்கம் ஒளிந்திருக்கிறது. குதிரையின் கயிறு விற்றவர் கையிலிருந்து வாங்கியவர் கைக்கு மாறிவிட்டால், அதற்குப் பிறகு வரும் எதற்கும் விற்றவர் பொறுப்பில்லை. அன்று ராத்திரியே குதிரைகள் நரிகளாக மாறி லாயத்தில் இருந்த மற்றக் குதிரைகளைக் கடித்துக் குதறின. பாண்டியன் யாரிடம் போய்க் கேட்பது?

இன்றைய குதிரை வியாபாரத்திலும் பெரும்பாலும் ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் கத்தியவார், மார்வாரி என்று பல இனங்கள் வந்து நிற்கும். பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்து ‘சுழி சுத்தம்’ என்பார்கள். சுழிக்கும் குதிரையின் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ‘கெட்ட சுழி’ என்று பெயர் வாங்கிய நல்ல குதிரை அடிமாட்டு விலைக்குப் போகும்.

நிஜமாகவே கேட்க வேண்டியவை வேறு. முன்னங்கால் நொண்டுதா? கூட்டத்தில் மிரளுமா? கடிக்கிற பழக்கம் உண்டா? இதையெல்லாம் கயிறு மாறுவதற்கு முன்பே தானாகச் சொல்கிற வியாபாரி கொஞ்சம் காசை இழப்பார். அவரிடம்தான் குதிரைக்காரர்கள் தங்கள் பிள்ளைக்கு முதல் குதிரையை வாங்கித் தருவார்கள்.

குதிரை ஏற யாருக்கு ‘தகுதி’?

இந்தக் கேள்வியின் அசிங்கமான முகமும் இங்கேதான் இருக்கிறது. குதிரை மேல் உட்கார்ந்தால் ஆள் உயரமாகத் தெரிவார். அந்த உயரத்தைச் சிலரால் பொறுக்க முடியாது. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். குதிரை ஓட்டக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் மிரட்டி வந்ததாக அவரது தந்தை போலீசில் புகார் கொடுத்தார். தலித் மணமகன் குதிரையில் ஊர்வலம் போக போலீஸ் பாதுகாப்பு கேட்கும் செய்திகள் வட மாநிலங்களிலிருந்து இன்னும் வருகின்றன. குலத்தைப் பார்த்து குதிரை யாரையும் கீழே தள்ளுவதில்லை. கை முரடா, இதமா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

பணக்காரர்களின் குதிரைப் பந்தயத்தில் ‘கிளாஸ்’ என்ற சொல்லே வேறு. ரேஸ் கோர்ஸில் அது குதிரையின் தரவரிசை. ஓடிய ஓட்டத்தை வைத்துப் புள்ளி போட்டு, மேல் வகுப்பு, கீழ் வகுப்பு என்று பிரிப்பார்கள். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974ல் சட்டம் வந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும், அதை ஓட்டுகிற ஜாக்கியின் திறமையும்தான் நீதிமன்றம் பார்த்த விஷயங்கள். பந்தயம் கட்டிவிட்டு மாடத்தில் உட்கார்ந்திருப்பவரின் கோட்டும் தொப்பியும் கணக்கில் வரவில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

வண்டி இழுக்கும் விலங்குகளுக்கு 1965ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளி இல்லாமல் 5 மணி நேரம் தாண்டக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பகுதியில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. முள் வைத்த கடிவாளத்துக்கும் தார்க்குச்சிக்கும் தடை.

அடிப்பது, சக்திக்கு மீறி ஓட்டுவது, கைவிட்டுவிட்டுப் போவது எல்லாம் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் எழுதிய அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. பந்தயச் சாலையில் ஒரு டீயும் வடையும் அதைவிட அதிகம் ஆகலாம். சட்டத்துக்குப் பயந்து யாரும் சாட்டையைக் கீழே போடப்போவதில்லை. அந்த வேலையைச் சக குதிரைக்காரர்களின் பார்வைதான் செய்துவருகிறது. கொட்டிலுக்கு வெளியே, செல்போன் கேமராவுக்காக ஓட்டுகிற புதுக் கூட்டத்துக்கு அந்தப் பார்வையும் எட்டுவதில்லை என்பதுதான் இப்போதைய சிக்கல்.

வளர்ப்புக் குதிரை அடிபட்டுக் கிடந்தாலோ, நோயில் விழுந்தாலோ கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

உரிமையாளரே இல்லாத குதிரைகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யம் தாண்டி கோடியக்கரைக்குப் போனால், கட்டவும் பூட்டவும் ஆளில்லாத குதிரைகளைப் பார்க்கலாம். 1967ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தில் வெளிமான்களோடு மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. எப்போதோ மனிதர்கள் வளர்த்து, கைவிட்டவற்றின் வாரிசுகள் இவை. பல தலைமுறை தாண்டியதில் காட்டுக்குதிரை என்றே ஊரில் பெயர் ஆகிவிட்டது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது மான்களோடு குதிரைகளும் செத்துக்கிடந்தன.

சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தி இவற்றுக்கு பிஸ்கட் நீட்டுவதும், செல்ஃபிக்காக நெருங்குவதும் நடக்கிறது. மனிதக் கைக்குப் பழகாத குதிரை கடிக்கும், உதைக்கும். தீனிக்காகச் சாலைக்கு வரப் பழகிய குதிரை வண்டியில் அடிபடும். கோடியக்கரைச் சாலையில் குதிரைக் கூட்டம் குறுக்கே வந்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், கடைசிக் குட்டியும் கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும்.