தொண்டுக்குப் போகிறவர் பணம் கட்டலாமா?
வெளிநாடு செல்லும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டில் தொண்டு செய்ய ஆட்கள் தேவை. ஆப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். நேபாளத்தில் அநாதை இல்லத்தில் சேவை செய்யலாம். தங்குமிடம், சாப்பாடு, சான்றிதழ் தரப்படும். பதிவுக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

இந்த மாதிரி விளம்பரங்கள் இப்போது செல்போன் வழியாகத் தோட்டத்து லயங்களுக்கும் வந்துவிடுகின்றன. தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டு எல்லைப் பகுதிகளில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பிளஸ் டூ, ஐ.டி.ஐ., நர்சிங் என்று படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறார்கள். தொண்டு என்று போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு அங்கேயே ஒரு வேலை கிடைக்காதா என்ற நப்பாசை யாருக்கும் வரும். ஆகவே பெட்டி கட்டுமுன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?

பழைய பாடம்

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. போடி, குரங்கணி வழியாக மலையேறி வந்த நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அது பிறகு கூலியில் பிடிக்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களிலோ, கடன் பாக்கி எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921-ல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. கடனாளியாகப் புறப்பட்டவன் போன இடத்தில் வாய் திறக்க முடியாது என்பது அவர்கள் அனுபவித்த உண்மை. இன்று கங்காணி இருந்த இடத்தில் ஏஜெண்ட் இருக்கிறார். அவர் முன்பணம் கொடுப்பதில்லை, நம்மிடம் வாங்குகிறார். கடன் மட்டும் அன்றும் இன்றும் நம் தலையில்தான்.

உண்மையான தொண்டர் திட்டம்

ஐக்கிய நாடுகள் சபையின் தொண்டர் திட்டம் 1970-ல் பொதுச்சபைத் தீர்மானத்தின் மூலம் ஏற்பட்டது. இதன் தலைமையகம் ஜெர்மனியில் பான் நகரில் உள்ளது. இதில் சேருகிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் மாதந்தோறும் வாழ்க்கைப் படி, பயணச் செலவு, மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆகியவை உண்டு. இளைஞர் பிரிவுக்கு 18 முதல் 26 வயது. நிபுணர் பிரிவுக்கு 27 வயது நிரம்பி, குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கோ, பேட்டிக்கோ, பயிற்சிக்கோ ஒரு பைசாவும் வாங்குவதில்லை. ஐ.நா. பெயரைச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் அது மோசடி என்று தீர்மானித்துக்கொள்ளலாம்.

1971-ல் பிரான்சில் தொடங்கிய ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பும் அனுபவமுள்ள நர்சுகளைத் தேர்ந்தெடுத்து, ஊதியம் கொடுத்தே அனுப்புகிறது. ஆக, உங்கள் உழைப்பு உண்மையில் தேவைப்படும் இடத்தில் செலவை அழைப்பவர்களே ஏற்கிறார்கள்.

கட்டணம் வாங்கி அனுப்பும் கம்பெனிகளும் இருக்கின்றன. பணக்கார நாட்டு மாணவர்களை நம்பி வளர்ந்த வியாபாரம் இது. எல்லாமே மோசடி என்று சொல்வதற்கில்லை. ஆனால் பணம் கட்டியவர் அங்கே தொண்டர் மட்டுமல்ல, வாடிக்கையாளரும் ஆகிறார். அந்தப் பணத்தில் எவ்வளவு பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேருகிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டால் ஒதுங்கிக்கொள்வதே மேல்.

அநாதை இல்லங்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. கம்போடியாவில் இத்தகைய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தது தெரியவந்தது. நேபாளத்திலும் ஏழைப் பெற்றோரிடம் படிக்கவைப்பதாகச் சொல்லி அழைத்துவந்த பிள்ளைகளை அநாதைகள் என்று காட்டிய இல்லங்கள் பிடிபட்டன. வெளிநாட்டுத் தொண்டர்கள் கொடுக்கும் பணமே அந்தப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலைக்காக வெளிநாடு செல்வோரைக் காக்க 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டுகள்தான் ஆள் எடுக்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். கொச்சி, திருவனந்தபுரம், சென்னை ஆகிய ஊர்களில் இந்த அலுவலகங்கள் உள்ளன. இப்படிச் செல்வோருக்கு 10 லட்சம் ரூபாய் விபத்து இன்ஷூரன்சும் கட்டாயம். 2 ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பாதுகாப்பெல்லாம் கூலி வேலைக்குப் போகிறவருக்கே. தொண்டர் என்று எழுதிக்கொண்டு போகிறவர் இதற்குள் வரமாட்டார். வேலைக்கு அனுப்பிவிட்டுத் தாளில் மட்டும் ‘தொண்டர்’ என்றோ ‘சுற்றுலா’ என்றோ எழுதும் ஏஜெண்ட், உங்களுக்குச் சட்டம் கொடுத்த குடையைப் பிடுங்கிவிட்டு மழையில் அனுப்புகிறார். சம்பளம் வாங்காமல் செய்தாலும் வேலை வேலைதான் என்று பல நாடுகள் கருதுகின்றன. சுற்றுலா விசாவில் போய் அகப்பட்டால் அபராதம், காவல், நாடு கடத்தல் எல்லாம் உண்டு.

2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டார்கள். அந்த அக்டோபரில் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். படித்தவர்களே ஏமாந்த கதை இது.

புறப்படுமுன்

ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம். வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்குக் கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஓடெபெக் ஆகியவையும், தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அரசு நிறுவனங்களாக இருக்கின்றன.

சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்கு 500 ரூபாய். சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை கேட்கப்பட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். போடியிலோ தேனியிலோ படித்தவர் தமிழ்நாட்டு அரசிடமும், மூணாறில் படித்தவர் கேரள அரசிடமும்தான் முதலில் போக வேண்டும். பிறகே டெல்லி முத்திரை.

ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் செல்பவர் அதற்கான தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், கொச்சி துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போடாமல் போய்த் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமையில் வைத்துவிடுவார்கள்.

என்ன வேலை, எத்தனை மாதம், எங்கே தங்குவது, நோய் வந்தால் யார் பொறுப்பு, திரும்பும் டிக்கெட் யார் எடுப்பது என்ற ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை அங்கே யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நம் பிள்ளைகள் நாலு தேசம் பார்க்கட்டும், நாலு பேருக்கு உதவட்டும். அதற்காக அம்மாவின் தாலியை அடகு வைக்கச் சொல்லும் தொண்டு எந்த நாட்டிலும் தொண்டு அல்ல. வட்டிக்கு வாங்கிக் கட்டச் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.